கிராஷ்: நிலைகுலைவா, முறிவா, உறைவா?

'சிஸ்டம் அடிக்கடி கிராஷ் ஆகுதுண்ணே' என்று சர்வீஸ் கடையில் ஒருவர் சொன்னால், அவர் வீட்டில் நடந்தது நான்கில் எதுவாகவும் இருக்கலாம். திரை நீலமாகி (2025க்குப் பிந்தைய விண்டோஸ் 11இல் கறுப்பாகி) ஏதோ எழுத்து தோன்றி, தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். மவுஸ் அசையாமல், திரையில் இருந்தது அப்படியே நின்றிருக்கலாம். கரண்ட் போனதுபோல் பொட்டென்று அணைந்திருக்கலாம். பிரவுசர் மட்டும் தானாக மூடிக்கொண்டிருக்கலாம். நான்குக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. 'கிராஷ்' என்ற ஒற்றைச் சொல் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

'சிஸ்டம்' என்ற சொல்லும் சேர்ந்து குழப்புகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் சிஸ்டம் என்றால் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி. 'சிஸ்டம் ஆன் பண்ணு' என்கிறோம். 'சிஸ்டம் கிராஷ்' என்ற தொடரில் வரும் சிஸ்டமோ விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்பது இதைத்தான். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால், டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோளாறுக்குப் பெட்டியையே மாற்றுகிறவர்களும் உண்டு. ரேம் கோளாறுக்கு மூன்று முறை ஃபார்மட் போடுகிறவர்களும் உண்டு.

ஆங்கிலத்தில் கிராஷ் ஓர் ஒலிக்குறிப்புச் சொல். நம் 'மடார்', 'படார்' போல, ஒரு பொருள் உடைந்து விழும் ஓசையிலிருந்து பிறந்தது. வண்டி மோதினாலும், விமானம் விழுந்தாலும், பங்குச்சந்தை சரிந்தாலும் அங்கே ஒரே சொல்தான். கணினிக்குள் அது வந்த வழியை, 1975இல் தொடங்கிய 'ஜார்கன் ஃபைல்' என்ற கணினியாளர் சொல்தொகுதி ஹார்டு டிஸ்கில் காட்டுகிறது. டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும்போது, படிக்கும் தலை தட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. இன்றைய டிஸ்குகளில் அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். அது இல்லாமல் போனால் தலை தட்டில் இடித்து, காந்தப் பூச்சைச் சுரண்டி, அந்த இடத்துத் தரவைத் தூளாக்கிவிடும். அங்கே உண்மையிலேயே ஒரு மோதல் நடக்கிறது. மோதலே இல்லாத மென்பொருள் கோளாறுகளுக்கும் அதே பெயர் பின்னர் பரவியது. அதனால் தமிழில் 'மோதல்' என்று எழுதினால் டிஸ்க் தலைக்கு மட்டுமே பொருந்தும்.

நீலத்திரைக்குச் சரியான தமிழ் நிலைகுலைவு. இதைப் பரிந்துரைக்கக் காரணம் அழகல்ல, துல்லியம். நினைவகத்தில் எந்த இடம் யாருக்கு, எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற கணக்குகளை இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் ஓயாமல் வைத்திருக்கிறது. அதுதான் நிலை. அந்தக் கணக்கு தாறுமாறாகிவிட்டதைக் கர்னல் கண்டால், தொடர்ந்து ஓடினால் டிஸ்கில் இருப்பதும் கெடும் என்று தானே எல்லாவற்றையும் நிறுத்துகிறது. நீலத்திரை விபத்தல்ல, விபத்து தெரிந்ததும் அழுத்திய பிரேக். நிலை குலைந்தது என்ற நம் சொல் உள்ளே நடந்ததை அப்படியே சொல்கிறது.

தமிழ் இன்னொரு வசதியும் தருகிறது. குலைந்தது என்றால் தானாகக் குலைந்தது. குலைத்தது என்றால் வேறொன்று குலைத்தது. ஒரு மெய்யெழுத்து மாறியதும் 'எது குலைத்தது?' என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. குலைந்தது விண்டோஸ், குலைத்தது கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட். விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் சேவை நின்றதை முடக்கம் என்பது சரி. முடக்கம் விளைவு, நிலைகுலைவு காரணம்.

வீட்டில் குலைத்தது எது என்று பார்க்க, முதலில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதிக்குப் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்தால் போதும். அடுத்த முறை திரை நிற்கும். அதிலுள்ள பிழைக் குறியீடான ஸ்டாப் கோடைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு முறை வந்ததை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கோடு, ஒரே டிரைவர் பெயர் என்றால் அந்த டிரைவர்தான் முதல் சந்தேகம். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றால் கிராபிக்ஸ் பக்கம் பாருங்கள்; கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராமல், அதை மீட்கும் முயற்சியும் தோற்றால் வருவது அது. கோடு தினம் ஒன்றாக மாறினால் ரேமைச் சந்தேகியுங்கள். கெட்ட ரேம் எந்த மென்பொருளின் தரவையும் கெடுக்கும், அதனால் பழி ஒவ்வொரு முறையும் வேறொருவர் தலையில் விழும்.

ரேம் சோதனையில் பொறுமை வேண்டும். கணினி ஆன் ஆனதும் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆனில் இருந்தால் அணையுங்கள். பல 'ரேம் கோளாறுகள்' அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் பவர் கேபிளைக் கழற்றி, ஆன் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். அதன் அடியில் வரிசையாக நிற்கும் தங்க நிறப் பற்கள், டிடிஆர்4 ரேமில் 288, கறுத்தோ மங்கியோ இருந்தால் வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் துடையுங்கள். ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் போகக் கூடாது. பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் செருகி, பென் டிரைவிலிருந்து ரேம் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை 4 சுற்றும் முடியும்வரை ஓடவிடுங்கள். இரவில் போட்டுவிட்டுப் படுப்பது வசதி. பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேம் ஆகாது. நூறு வந்தால்தான் கெட்டது என்றில்லை. அடுத்த ரேமை அதே ஸ்லாட்டில் சோதியுங்கள். அதிலும் பிழை வந்தால் ஸ்லாட்டின் மேல் சந்தேகம்.

இதை முடிக்காமல் ஃபார்மட் போடக் கூடாது. கெட்ட ரேமோடு விண்டோஸை மறுபடி நிறுவினால், நிறுவும் கோப்புகளே பிசகோடு டிஸ்கில் எழுதப்படலாம். அதற்குப் பெயர் சிதைவு. நிலைகுலைவு ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும், சிதைவு டிஸ்கிலேயே தங்கிவிடும்.

படம் அப்படியே நிற்பது உறைவு. 'ஹேங்' என்பதைத் 'தொங்கல்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. கேட்பவருக்கு எதுவும் விளங்காது. எண்ணெய் குளிரில் உறைவதுபோல் ஓட்டம் நின்றது என்றால் உடனே புரிகிறது. உறைந்ததும் கீபோர்டில் 'Num Lock' விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கர்னலுக்கு உயிர் இருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு 'B'யையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். சில சமயம் திரை மீண்டுவிடும். அரை நிமிடம் நின்று தானாக ஓடத் தொடங்குகிறது என்றால் டிஸ்கைப் பாருங்கள். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'ரீஅலகேட்டட்' (கெட்டு மாற்றப்பட்ட), 'பெண்டிங்' (சந்தேகத்தில் உள்ள) செக்டர் எண்ணிக்கைகள் சுழியத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால், முதல் வேலை கோப்புகளை வேறு டிஸ்குக்கு நகலெடுப்பது. விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்கை அதற்கு முன் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை அது முழுக்க அலசி இன்னும் நோகடிக்கும். தரவு வழியில் பிசகியதைக் காட்டும் சிஆர்சி பிழை மட்டும் ஏறினால், முதலில் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அணைவதை அணைவு என்றே சொல்லலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்று பதிவாகி, பக்செக் கோடு 0 என்றிருந்தால் விண்டோஸுக்கே காரணம் தெரியவில்லை என்று பொருள். அப்போது மென்பொருளை விட்டுவிட்டு மின்சாரத்தையும் சூட்டையும் பாருங்கள். யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். அதன்பின் மின்சாரம் கண் சிமிட்டினாலே கணினி அணையும். பேட்டரி சரியென்றால், அடுத்த சந்தேகம் கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். கணினி முழு வேகத்தில் ஓடும்போது நான்கு முனை பெரிய கனெக்டரில் மஞ்சள், கறுப்பு முனைகளை மல்டிமீட்டரால் அளந்தால் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் வர வேண்டும். சிவப்பு முனை 4.75 முதல் 5.25க்குள். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். கேம் ஓட்டிய பத்தாவது நிமிடம் அணைகிறது என்றால் சூடு. பிராசஸரின் வெப்பநிலை 95, 100 டிகிரியைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்த தூசியை எடுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்புபோல் உதிர்ந்தால் சுத்தமாகத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள்.

பிரவுசர் போன்ற ஒரு செயலி (ஆப்) மட்டும் மூடிக்கொள்வது முறிவு. பேச்சுவார்த்தை முறிந்தது என்பதுபோல அதன் ஓட்டம் பாதியில் முறிகிறது, இயங்குதளம் எதுவும் ஆகாமல் ஓடுகிறது. விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டரில் அந்த நாளின் சிவப்புக் குறியைத் திறந்தால் எந்தக் கோப்பில் முறிந்தது என்று இருக்கும். செயலியை நீக்கி மறுபடி நிறுவினால் பெரும்பாலும் முடிந்தது.

செய்திகளிலும் சொற்பட்டியல்களிலும் கிராஷுக்குச் செயலிழப்பு என்று எழுதுகிறார்கள். சிறுநீரகச் செயலிழப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது மீளாத நிலை. ரீஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடும் கணினிக்கு அது ஒட்டாது. ரேம், எஸ்எம்பிஎஸ், டிஸ்க் மூன்றையும் மாற்றிப் பார்த்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டியும் அதே இடத்தில் விழுந்து, கடைசியில் ஆன் செய்தால் திரையே வராமல் போகும் மதர்போர்டுக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.