நடுநிலைச் செய்தி இரு தரப்புக்கும் எதிரியாகத் தெரிவது எப்படி?

நியூஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். 2024 செப்டம்பர் 10 அன்று ஏபிசி தொலைக்காட்சி நடத்திய டிரம்ப் - ஹாரிஸ் விவாதத்தை அவரும் அவருடைய மைத்துனரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நெறியாளர்கள் டேவிட் மியூரும் லின்ஸி டேவிஸும் டிரம்ப்பின் சில கூற்றுகளை அங்கேயே மறுத்தது அப்பட்டமான ஓரவஞ்சனை என்று மைத்துனர் கொதித்திருக்கிறார். மறுக்க வேண்டியவை எத்தனையோ இருக்க, சிலவற்றோடு நிறுத்திக்கொண்டதுதான் ஓரவஞ்சனை என்று வாசகர் பதிலுக்கு வாதாடியிருக்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று அறிவியல் அளந்து சொல்லிவிட முடியாதா என்பது அவர் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செய்தியில் சாய்வு எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. பார்ப்பவருக்குச் சாய்வு எவ்வளவு தெரிகிறது என்பது மற்றொன்று. முன்னதை எண்ணிப் பார்க்க முயன்றிருக்கிறார்கள், அதற்குப் பிறகு வருவோம். பின்னதைத்தான் உளவியலாளர்கள் ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து மிக நேர்த்தியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அதன் வேர் அரசியலில் இல்லை, விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. 1951 நவம்பர் 23 அன்று பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரி அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முரட்டுத்தனமாக நடந்தது. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரர் டிக் கஸ்மையருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. டார்ட்மவுத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஹேட்லி கேன்ட்ரிலும் சேர்ந்து, ஆட்டத்தின் ஒரே படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரியாக 9.8 கண்டார்கள், டார்ட்மவுத் மாணவர்களின் கண்ணில் பட்டவை 4.3 மட்டுமே. 1954இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அட்டவணை அன்று, அதில் வரும் ஒரு தந்தி. படச்சுருளை வரவழைத்துப் பார்த்த டார்ட்மவுத்தின் பழைய மாணவர் ஒருவர், தாம் கேள்விப்பட்ட அத்தனை மீறல்களும் அதில் இல்லாததால், முக்கியமான பகுதி வெட்டப்பட்டிருக்கிறது என்றே முடிவு கட்டி, விடுபட்ட துண்டை விமான அஞ்சலில் அனுப்பிவைக்கும்படியும் ஒட்டுவதற்கான கருவி தங்களிடம் இருப்பதாகவும் தந்தி அடித்தார்.

அடுத்த படி ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது. 1980 அதிபர் தேர்தலுக்கு மூன்று நாட்களுக்கு முன்பு, கார்ட்டரும் ரீகனும் மோதிக்கொண்டிருந்த வேளையில், ஊடகங்கள் வேட்பாளர்களை நியாயமாக நடத்தினவா என்று வாக்காளர்களிடம் கேட்கப்பட்டது. பெரும்பாலானோர் நியாயமாகவே நடத்தின என்றார்கள். ஆனால் சாய்வு இருந்தது என்று சொன்ன மூன்றில் ஒரு பங்கினரில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர், அந்தச் சாய்வு தாங்கள் ஆதரிக்கும் வேட்பாளருக்கு எதிராகவே இருந்தது என்றார்கள். தம் ஆளுக்குச் சாதகமாக ஊடகம் சாய்ந்தது என்று சொன்னவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

இதைக் கட்டுப்பாடான சோதனையாக மாற்ற, ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகிய மூவரும் 1982 செப்டம்பரில் பெய்ரூட் நகரை இஸ்ரேல் படை சூழ்ந்திருந்தபோது, லெபனானின் ஆயுதக் குழு ஒன்று சப்ரா, ஷட்டீலா பகுதிகளில் பாலஸ்தீன அகதிகளைக் கொன்று குவித்த படுகொலையை ஒட்டி அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பிய செய்தித் துணுக்குகளை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 36 நிமிடங்கள். பார்த்தவர்கள் 144 மாணவர்கள். இஸ்ரேல் பற்றிய குறிப்புகளில் 42 சதவீதம் அதற்குச் சாதகமானவை, 26 சதவீதம் பாதகமானவை என்று அரபு ஆதரவாளர்கள் கணித்தார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் அதே படத்தைப் பார்த்துவிட்டு, சாதகம் 16 சதவீதம், பாதகம் 57 சதவீதம் என்றார்கள். விவகாரத்தைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் அதிகமான சாய்வைக் கண்டார்கள் என்பது இன்னொரு முடிவு. விவரம் தெரிந்தவருக்குத்தான் திரையில் எது விடுபட்டது என்று தெரியும். அதிலும் தம் தரப்புக்கு வேண்டிய விவரம் விடுபட்டதுதான் முதலில் உறுத்தும். 1985இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின் இந்தப் போக்கு ஊடகப் பகைமை விளைவு என்ற பெயரைப் பெற்றது.

இனி எந்திரத்தின் மூடியைத் திறக்கலாம். ஒரே செய்தி இரு தரப்பாருக்கும் எதிரியாகத் தெரிய மூன்று வழிகள் இருக்க முடியும். முதலாவது நினைவு: தம் தரப்பைத் தாக்கிய வரிகள் மட்டும் மனத்தில் தங்கி, மற்றவை உதிர்ந்துவிடலாம். இரண்டாவது அளவுகோல்: எதிர்த்தரப்பின் வாதம் பொய் என்று நம்புகிறவருக்கு, அதற்குச் சமமான இடம் கொடுத்ததே அநியாயமாகப் படலாம். மூன்றாவது வகைப்படுத்தல்: எல்லா வரிகளும் நினைவில் இருந்தும், எந்தப் பக்கமும் சேராத வரியைக்கூட எதிர்த்தரப்பின் கணக்கில் எழுதிவிடலாம்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கன்தரும் கேத்லீன் ஷ்மிட்டும் அவர்களுடைய சகா ஒருவரும் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். மரபணு மாற்றப்பட்ட உணவை ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் ஒரே கட்டுரையைப் படிக்கச் செய்து, எதெல்லாம் நினைவில் நின்றது, எந்தப் பகுதி எந்தத் தரப்புக்குச் சாதகம், எவையெல்லாம் செல்லத்தக்க வாதங்கள் என்று தனித்தனியே சோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, செய்தி பகையாகத் தோன்றுவதை விளக்கியது மூன்றாவது வழி மட்டுமே. இரு தரப்பாரின் நினைவும் ஒழுங்காகவே இருந்தது. பிசகியது வரிகளைப் பங்கிட்ட இடத்தில்தான்.

இதன் அழகு புரிய ஒரு சிறு கணக்குப் போதும். 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு தேர்தல் செய்தியைக் கற்பனை செய்துகொள்வோம். 5 வாக்கியங்கள் ‘அ’ வேட்பாளருக்கும் 5 வாக்கியங்கள் ‘ஆ’ வேட்பாளருக்கும் சாதகமானவை. மீதி 10 யாரையும் சாராதவை. அந்தப் பத்தில் ஒன்று இப்படி இருக்கலாம்: “மழை பெய்த மாலையில் வேட்பாளர் பேசிய அரங்கின் பின்வரிசைகள் காலியாக இருந்தன, முன்வரிசையில் இருந்தவர்கள் கடைசிவரை கைதட்டினார்கள்.” ஆதரவாளரின் கண் காலி இருக்கைகளில் போய் நிற்கிறது: ஆயிரம் பேர் வந்ததை எழுதாமல் இதை ஏன் எழுத வேண்டும்? எதிர்ப்பாளரின் கண் மழையில் போய் நிற்கிறது: கூட்டம் வராததற்கு நிருபரே சாக்குச் சொல்லிக் கொடுக்கிறாரே! இப்படி ஆளுக்கு 4 நடுநிலை வாக்கியங்களை எதிர்ப்பக்கம் தள்ளினால், ‘அ’ ஆதரவாளருக்குச் செய்தி 5க்கு 9 என்று ‘ஆ’ பக்கம் சாய்ந்திருக்கும். ‘ஆ’ ஆதரவாளருக்கு அதே செய்தி 5க்கு 9 என்று ‘அ’ பக்கம் சாய்ந்திருக்கும். ஒருவரும் ஒரு வாக்கியத்தைக்கூட மறக்கவில்லை, இட்டுக்கட்டவும் இல்லை. இருவரும் தாளை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகச் சண்டையிட்டாலும் தீராது என்பதற்கு இதுதான் காரணம். ஆதாரமாகக் காட்டும் வரிகள் இருவருக்கும் ஒன்றே.

ஏன் எப்போதும் எதிர்ப்பக்கமே தள்ள வேண்டும் என்ற கேள்விக்கு, இன்னும் பழைய ஒரு சோதனை வெளிச்சம் தருகிறது. கார்ல் ஹோவ்லாண்டும் முசாஃபர் ஷெரீஃபும் 1952இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமூக நிலை குறித்த 114 வாக்கியங்களைத் தனித்தனி அட்டைகளாகக் கொடுத்து, மிகவும் பாதகமானதிலிருந்து மிகவும் சாதகமானது வரை 11 குவியல்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். விவகாரத்தில் ஆழ்ந்த அக்கறை கொண்ட கறுப்பின மாணவர்களும், அவர்களுடைய உரிமைகளுக்காக உழைத்த வெள்ளை மாணவர்களும் பிரித்தபோது, நடுக் குவியல்கள் மெலிந்து, பாதகமான கோடியில் அட்டைகள் மலையாகச் சேர்ந்தன. கடுமையான வாக்கியங்கள் எல்லோர் கையிலும் அதனதன் இடத்துக்கே போயின. இடம் பெயர்ந்தவை நடுத்தரமானவை. உறுதியான நிலைப்பாடு உடையவர் தம் நிலைப்பாட்டை நங்கூரமாக வைத்து மற்றவற்றின் தூரத்தை அளக்கிறார். அவர் ஏற்கும் பரப்பு குறுகி, நிராகரிக்கும் பரப்பு விரிந்துவிடுகிறது. நடுவில் நிற்கும் வாக்கியம் அவரிடமிருந்து விலகி நிற்கிறது, விலகி நிற்பது எதிரே நிற்பதாகத் தெரிகிறது.

கன்தர் குழுவின் சோதனையில் இன்னொரு திருப்பமும் உண்டு. அதே கட்டுரையை, வார்த்தை மாறாமல், வகுப்புக்காக ஒரு மாணவர் எழுதியது என்று சொல்லிச் சிலரிடம் கொடுத்தார்கள். உடனே பகைமை காணாமல்போனது. செய்தித்தாளில் வந்தால் ஓரவஞ்சனையாகத் தெரிந்த வரிகள், மாணவர் எழுதியதாக வந்தபோது சாதுவாகிவிட்டன. மாணவர் எழுதியதை ஆசிரியர் ஒருவர் படிப்பார். செய்தித்தாளை ஊரே படிக்கும். 1983இல் சமூகவியலாளர் பிலிப்ஸ் டேவிசன், ஊடகம் தம்மைவிடப் பிறரையே அதிகம் மயக்கும் என்று மக்கள் நம்புவதை விவரித்திருந்தார். அந்த நம்பிக்கை இங்கே வேலை செய்கிறது. நான் ஏமாறமாட்டேன், ஆனால் ஓஹையோ மாநிலத்தில் முடிவெடுக்காமல் இருக்கும் வாக்காளர் ஏமாந்துவிடுவார் என்ற பதற்றம் ஒவ்வொரு வரியையும் காவல்காரனின் கண்ணோடு பார்க்க வைக்கிறது. கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பார்க்கும் அதிபர் தேர்தல் விவாதத்தில் இந்த விளைவு உச்சத்தில் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் உண்மையான சாய்வே கிடையாதா? எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. 1948 முதலான அதிபர் தேர்தல்களைப் பற்றிய 59 அளவீட்டு ஆய்வுகளை டேவ் டி’அலெசியோவும் மைக் ஆலனும் 2000இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எந்தச் செய்தி உள்ளே விடப்படுகிறது, யாருக்கு எவ்வளவு இடம், சொல்லும் தொனி என்ன என்று மூன்று வகையாக அளந்ததில், செய்தித்தாள்களில் கணிசமான சாய்வு தென்படவில்லை; தொலைக்காட்சிச் செய்திகளில் இருந்தது மிகச் சிறியது. இது எல்லாவற்றையும் சேர்த்த சராசரி என்பதை மறக்கலாகாது. ஒரு பத்திரிகை ஒரு பக்கமும் இன்னொன்று மறுபக்கமும் சாய்ந்தால் சராசரி நடுவிலேயே நிற்கும். கட்சி சார்ந்த அலைவரிசைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தின் கணக்கு அது என்பதும் உண்மை.

எண்ணுவதற்கு அப்பால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஹார்வர்டின் தாமஸ் பேட்டர்சன் 2016 தேர்தலை ஆராய்ந்தபோது, பொதுத்தேர்தல் கட்டத்தில் டிரம்ப் பற்றிய செய்திகளின் தொனியில் 77 சதவீதமும் கிளின்டன் பற்றியதில் 64 சதவீதமும் எதிர்மறையாக இருந்தன. 77 என்பது சாய்வா? இருவரும் சமமான தவறுகள் செய்திருந்தால் சாய்வு. ஒருவர் கூடுதலாகச் செய்திருந்தால் அந்த எண் வெறும் பதிவு. கருத்துக்கணிப்பில் பின்தங்கியவர் பின்தங்குகிறார் என்று எழுதுவதும் எதிர்மறைக் கணக்கில்தான் சேரும். தொனியை எண்ணிவிடலாம், அது எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. விவாதத்தில் ஒருவரின் கூற்று அதிகம் மறுக்கப்பட்டது அநியாயமா என்பதை அறிய, இருவரும் சொன்ன ஒவ்வொரு கூற்றையும் சரிபார்த்த பின்பே மறுப்புகளை எண்ணத் தொடங்க வேண்டும். எண்ணுகிறவரும் கண்ணுள்ள மனிதர் என்பதால்தான், இருவர் தனித்தனியே குறித்து ஒத்துப்போகிறார்களா என்று பார்க்கும் வழக்கம் இத்துறையில் வந்தது.

இத்தனையும் கண்டறிய ஆன செலவு ஒளிநாடா, வினாத்தாள், கல்லூரி மாணவர்களின் சில மணி நேரம். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2025 ஏப்ரலில், தவறான தகவல் பரவல் பற்றியவை உட்படப் பல ஆய்வுகளுக்கான மானியங்களை நிறுத்தியபோது, மிச்சமானது பெரிய தொகை என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்குப் பார்க்கிறவர்களைக் கழித்துக்கட்டினால் சண்டை மட்டும்தான் மிஞ்சும்.

கடைசியாக, தனிமனிதர் கண்ணோடு இது முடிவதில்லை. 1988, 1992, 1996 ஆகிய மூன்று அதிபர் தேர்தல்களை மார்க் வாட்ஸ், டேவிட் டோம்கி, தவன் ஷா, டேவிட் ஃபேன் ஆகியோர் அடுத்தடுத்து வைத்து ஆராய்ந்தார்கள். ஊடகம் தாராளவாதிகள் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் அமெரிக்கர்களின் விகிதம் அந்தக் காலத்தில் ஏறிக்கொண்டே போனது. வேட்பாளர்களைப் பற்றிய செய்திகளின் தொனியோ அதற்கு ஈடாக மாறவில்லை. கூடவே ஏறியது வேறொன்று: ஊடகச் சாய்வு பற்றிய செய்திகள். அவற்றில் பெரும்பாலானவை பழமைவாத வேட்பாளர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் சுமத்திய குற்றச்சாட்டுகள். 1969இல் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ தொலைக்காட்சிச் செய்தி விமர்சகர்களைச் சாடிய காலத்திலேயே இந்த உத்தி தொடங்கிவிட்டது; 1992இல் மூத்த புஷ்ஷின் ஆதரவாளர்கள், ஊடகத்துக்கு எரிச்சல் மூட்ட புஷ்ஷையே மீண்டும் தேர்ந்தெடுங்கள் என்று கார்களில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். வேட்பாளர் ஒருவர் ஊடகத்தைக் குற்றம்சாட்டினால் அதை வெளியிடுவது நிருபரின் வேலை. வெளியிடாவிட்டால் அதுவே மறைப்பு என்றாகிவிடும். ஆகவே அந்தக் குற்றச்சாட்டு வாக்காளரைப் பெருமளவில் சென்றடைந்தது, குற்றம் சாட்டப்பட்ட பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் தங்கள் நடுநிலை வழக்கப்படி அதை ஒழுங்காக வெளியிட்டதன் வழியாகத்தான்.