ஹைட்: அளை, வளை, பொந்து

கொடைக்கானலில் டாரன்டுலா எனும் பெருஞ்சிலந்தி வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஹைடுக்குத் தமிழ்ல என்ன? போன்ல போட்டா 'தோல்'னு வருது."

ஆங்கிலத்தில் hide என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று விலங்கின் தோல். மற்றது ஒளிதல், ஒளித்துவைத்தல் என்னும் வினை. பழைய ஆங்கிலத்திலேயே இவை வேறுவேறு. சிலந்தி பதுங்கிக்கொள்ள அதன் பெட்டிக்குள் வைக்கும் ஹைட் இரண்டாவதிலிருந்து வந்தது.

அப்படியானால் 'மறைவிடம்' போதுமே என்பார்கள். எனக்கு அது நிறைவாக இல்லை. ஆபத்துக்கு ஒதுங்கி, பிறகு வெளியேறும் இடம் மறைவிடம். சிலந்திக்கோ அதுவே வீடு. பகலெல்லாம் உள்ளே கிடந்து, இரவில் வாயிலில் இரைக்குக் காத்திருக்கும். அதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: அளை. புறநானூற்று 86ஆம் பாட்டில் தாய் தன் வயிற்றைப் புலி தங்கிப் போன 'கல்லளை' என்கிறாள். ஐங்குறுநூற்றின் கள்வன் பத்தில் நண்டு இருப்பது முள்ளியின் 'வேரளை'. கல்லடி, வேரடி என்று இயற்கையான ஹைட் எப்படி இருக்க வேண்டுமோ அது இந்த இரண்டு சொற்களிலேயே இருக்கிறது.

பேச்சு வழக்கில் இதைப் பிரித்தே சொல்கிறோம். மண்ணில் இருந்தால் வளை, மரத்தில் இருந்தால் பொந்து. எலிக்கு வளை, கிளிக்குப் பொந்து. ஹைட் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: உங்கள் சிலந்தி வளைக்காரியா, பொந்துக்காரியா? தென்னமெரிக்க மழைக்காட்டுக் கோலியாத் சிலந்தி தரையில் வளை கொள்வது. அதற்கு ஆழமான, ஈரம் காக்கும் மண்ணும், சரித்துப் பாதி புதைத்த பட்டையும் வேண்டும். மரத்தில் வாழும் சிலந்திக்குக் குழல்போன்ற பட்டையை நிமிர்த்தி நிறுத்த வேண்டும்.

ஈரப் பெட்டிக்கு நான் முதலில் சொல்வது தக்கைப் பட்டை. மத்தியதரைக்கடல் நாடுகளின் ஓக் மரத்திலிருந்து உரிப்பது. நீர் எளிதில் ஊறாது, சீக்கிரம் மக்காது. அது கிடைக்காவிட்டால் உடைந்த மண்சட்டி நல்லது. கொட்டாங்குச்சி என்றால் ஒட்டிய தேங்காயைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கல் வைப்பதானால் பெட்டியின் அடித்தளத்தில் ஊன்றி வையுங்கள். மண்மேல் வைத்த கல், சிலந்தி அடியில் தோண்டும்போது அதன்மேலேயே சரிந்துவிடும்.

நம் மலையில் காலடியில் கிடக்கும் தைலமரப் பட்டையும் பைன் துண்டும் பார்க்க அழகுதான். ஆனால் தைலமும் பிசினும் உள்ள மரத்தை ஈரமான, அடைத்த பெட்டிக்குள் வைக்க எனக்கு மனம் வராது. சோலைக்காட்டுப் பாசியையும் மரப்பெரணித் தண்டையும் தொடவே கூடாது. அவை அங்குள்ள உயிர்களின் அளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதீரியா சிலந்திகளும் அப்படியே காட்டில் இருக்கட்டும். அந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

தம்பி மண்சட்டியைப் பாதியாக உடைத்து, வாய்ப்பக்கம் சற்றே உலர்ந்திருக்க, பின்பக்கம் மட்டும் நீர் தெளித்து வைத்திருக்கிறார். பெட்டியில் ஒட்டிய சீட்டில் 'அளை' என்று எழுதியிருக்கிறார்.