தகடு எப்படி மீனாகிறது?

மாசி பிறந்தால் இராமநாதபுரத்துக் கரையில் தண்ணீர் தெளியத் தொடங்கும். வாடை ஓய்ந்து கச்சான் காற்று கிளம்புவதற்கு இடைப்பட்ட இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) ஒருசேர அடங்கிக் கிடக்கும். கார்த்திகையில் வடகடல் கலங்கிப்போகும். ஆனியில் தென்கடல் கொந்தளிக்கும். ஸ்பூன் என்கிற தகட்டுத் தூண்டிலை எறிந்து ஊளியும் பாரையும் பிடிக்கிறவர்களுக்கு இது வாய்ப்பான பருவம்.

ஸ்பூனைக் கையில் எடுத்துப் பார்த்தால் மீன் சாயல் பெரிதாக இருக்காது. ஏழெட்டு செ.மீ. நீளம், 20 முதல் 28 கிராம் எடை. ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் புடைத்த தகடு. ஒரு முனையில் வளையம், மறுமுனையில் முள். கண்ணும் செதிலும் வரைந்திருந்தால் அது பெரும்பாலும் கடையில் வாங்குகிற நமக்காகத்தான்.

அதை மீனாக்குவது தண்ணீர். ரீலைச் சுற்றும்போது தகட்டின் இரண்டு ஓரங்களையும் ஒட்டி நீர் பிரிந்து ஓடுகிறது. ஓரங்களில் உண்டாகும் சுழிகள் ஒரே நேரத்தில் கழல்வதில்லை; இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என மாறி மாறிக் கழல்கின்றன. அதற்கேற்ப அழுத்தமும் பக்கம் மாறுகிறது. தகடு ஒருபுறம் சாய்கிறது, சாய்ந்ததுமே நீர் அதைத் திருப்பித் தள்ளுகிறது. நொடிக்குப் பலமுறை நடக்கும் இந்த ஆட்டம் ராடின் நுனிவரை வந்து விரலில் துடிக்கும். வளைவு அதிகமான மெல்லிய தகடு மெதுவாக இழுத்தாலே அகலமாக ஆடும். தட்டையான கனத்த தகடு தூரம் போகும், வேகமாக இழுத்தால்தான் ஆடும். கரையிலிருந்து எறிய இரண்டாவது வகையே தோது.

மீனின் விலாவில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கக்கோட்டில் நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் நீர் அசைந்தால் அவை வளைந்து செய்தி அனுப்பும். தன் உடல் நீளத்தைப்போல ஒன்றிரண்டு மடங்கு தூரத்துக்குள்தான் இந்தப் புலன் நன்றாக வேலை செய்யும். ஆகவே தெளிந்த நீரில் தொலைவிலிருந்து மீனை வரவழைப்பது தகட்டின் மினுக்கம். கிட்டே வந்ததும் துடிப்பு அதை உறுதிசெய்கிறது. அடிபட்ட சூடை மீன் ஒன்று தள்ளாடுவதுபோல இரண்டும் ஒத்துப்போனால் அடி விழும்.

எவ்வளவு வேகம்? குளிர்நாட்டு ஆறுகளில் வசந்தகாலத்தில் ட்ரவுட்டுக்கும் இதே ஸ்பூன்தான், ஆனால் பத்து கிராமுக்கு உட்பட்டது. பனி உருகி வரும் தண்ணீரில் மீனின் தசையும் நீரின் குளிர்ச்சிக்கே இறங்கிவிடுவதால் அது துரத்தாது. தகடு ஆட்டம் நிற்காத அளவுக்கு மெல்ல வரவேண்டும். நம் கடலிலோ பங்குனியில் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டிவிடும். இங்கே மெதுவாக இழுத்தால் ஊளி பின்னாலேயே வந்து, நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். 4000 அளவு ரீல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 75 செ.மீ. நூலை இழுக்கும். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் ஒன்றரை மீட்டர். அதில் தொடங்கலாம். மீன் பின்தொடர்வது தெரிந்தால் நிறுத்தாதீர்கள், இன்னும் வேகமாகச் சுற்றுங்கள்.

ஆனால் ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு. அதைத் தாண்டினால் ஆடுவதை விட்டுவிட்டு முழுதாகச் சுழல ஆரம்பிக்கும்; நூலில் முறுக்கேறி, அடுத்த எறிதலில் சிக்கல் விழும். வள்ளத்தில் இருந்தால் தகட்டைக் கழற்றிவிட்டு வெறும் நூலைப் பின்னால் ஓடவிட்டால் முறுக்கு தானாகப் பிரியும். இன்னொரு கோளாறு, துடிப்பு திடீரென்று செத்துப்போவது. பத்துக்கு எட்டுத் தடவை முள்ளில் கடற்புல்லோ கட்டக்கோரைப் பாசியோ மாட்டியிருக்கும். அப்படியே இழுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கட்டும் விதத்திலும் ஆட்டம் கெடும். நரம்பை (ஒற்றையிழைத் தூண்டில் நூல்) நேராகத் தகட்டின் ஓட்டையில் இறுக்கி முடிந்தால் தலை அசையாது. நடுவே ஒரு வளையம் போட்டு, அதில் 15–20 செ.மீ. மெல்லிய கம்பி, அதன் மேல்முனையில் ஸ்விவல் (தானே சுழலும் இணைப்பு), அங்கிருந்து ஒரு மீட்டர் தடித்த நரம்பு, பிறகு பின்னல் நூல். ஊளியும் சீலாவும் நரம்பைப் பல்லால் நறுக்கிவிடும், அதனால் கம்பியைத் தவிர்க்க முடியாது (சென்னைக்காரர்களின் வஞ்சிரம்தான் இங்கே சீலா). கம்பி தடித்தால் ஆட்டம் போய்விடும். சீலா இரையின் வாலை முதலில் வெட்டும் பழக்கமுள்ளது. முள் தகட்டின் பின்முனையில் இருப்பது அதனால் பொருத்தம். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராகை நூல் அறும் பலத்தில் கால் பங்குக்கு வையுங்கள். பின்னல் நூல் நரம்பைப்போல நீளாது. அதிகம் இறுக்கினால் முதல் பாய்ச்சலிலேயே வாய் கிழிந்து மீன் போய்விடும்.

நிறத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறோம் என்றே தோன்றுகிறது. சிவப்பு சில மீட்டர் ஆழத்திலேயே கறுத்துவிடும். அங்கே மீன் பார்ப்பது மினுக்கத்தையும் நிழலுருவத்தையும். கணவாய்த் தூண்டிலில் இது இன்னும் தெளிவு. கணவாயின் கண்ணில் பெரும்பாலும் ஒரே ஒரு நிறமிதான், அதனால் நிறங்களைப் பிரித்தறியாது. வெளிச்ச வேறுபாட்டைத்தான் பார்க்கும். அந்த இறால் வடிவத் தூண்டிலின் ஊசிகளுக்கு எதிர்முள்ளும் கிடையாது, நூல் ஒரு கணம் தொய்ந்தால் கழன்றுவிடும். வெட்டி இழுக்காமல் ஒரே சீராக ஏற்றுங்கள்.

இடம் பார்க்கும்போது ஆழம் முக்கியம். வடகடல் கரையில் வெகுதூரம் முழங்காலளவுதான். கனத்த தகடு விழுந்ததுமே புல்லில் புதையும். அங்கே தகடு நீரைத் தொடும் முன்பே சுற்றத் தயாராக இருங்கள். பாம்பன் கால்வாயில் இரு கடலுக்கும் இடையே நீரோட்டம் பாய்கிறது; எதிர்நீரில் இழுத்தால் அதே வேகச் சுற்றில் தகடு கூடுதலாக ஆடும், நீர்ப்போக்கில் இழுத்தால் குறையும். சுற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போகாதீர்கள்.

முள்ளின் கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். பற்றி நின்றால் நல்லது. வழுக்கினால் அரம் போடுங்கள்.