ஐம்பது டிகிரியை விடுங்க, ராத்திரி எவ்வளவு?

ஏப்ரல் பிறந்தால் போதும், அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரத்தின் வெயில் கணக்கு நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். பாலைவனத்துக்கு நடுவில் ஐம்பது டிகிரியில் மனுஷன் வாழ்கிறான், நாற்பதுக்கே நமக்கு என்ன இந்த அலட்டல் என்று கூடவே ஒரு வரியும் வரும். தர்மபுரியில் பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு அந்த வரி மேல்தான் கோபம்.

கணக்கு சரிதான். 1990 ஜூன் 26 அன்று ஃபீனிக்ஸில் 50 டிகிரி செல்சியஸ் பதிவானது, அந்த ஊரின் உச்சம் அதுதான். எந்தச் சூட்டில் விமானத்தை எப்படிக் கிளப்பலாம் என்று சொல்லும் அட்டவணையில் அவ்வளவு பெரிய எண்ணே இல்லாததால் அன்றைக்குக் கொஞ்ச நேரம் விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். அதே ஊரில் 1913 ஜனவரி 7 அன்று மைனஸ் 8.9. காற்றில் ஈரமும் இல்லை, மேலே மூடிவைக்க மேகமும் இல்லை என்பதால் பகலில் வாங்கிய சூட்டை மண் ராத்திரியில் அப்படியே விட்டுவிடும். பாலைவனத்தில் இருப்பவர்களை இத்தனை காலம் காப்பாற்றியது அந்தக் குளிர்ந்த ராத்திரிதான், அதைத்தான் யாரும் ஃபார்வர்ட் பண்ணுவதில்லை.

2023-இல் என்ன ஆனது தெரியுமா? பழைய உச்சத்தை அந்த வருஷம் தொடவே இல்லை. ஆனால் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள், ஒரு நாள் விடாமல், பகல் வெப்பம் 43.3 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தது. சிமென்ட்டும் தாரும் அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல் மாதிரி சூட்டைப் பிடித்து வைத்திருந்ததில் ஜூலை 19 அன்று விடிகாலையில்கூட 36.1-க்குக் கீழே இறங்கவில்லை. ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோப்பா கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அந்த வருஷம் வெப்பத்தோடு தொடர்புடைய சாவு 645. தெருவில் கிடந்தவர்கள் நிறையப் பேர், வயதானவர்கள் நிறையப் பேர், வீட்டுக்குள் செத்தவர்களில் பலருக்கு ஏசி இருந்தும் அது ஓடவில்லை.

பகலில் எவ்வளவு வெந்தாலும் ராத்திரி சில மணி நேரம் உடம்பு ஆறினால் இதயமும் சிறுநீரகமும் சமாளித்துக்கொள்ளும். ஆறவே விடாமல் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஏற்றிக்கொண்டே போனால்தான் ஆள் விழுகிறார். நம்ம ஊர் வானிலை ஆபீஸ் தெர்மாமீட்டர் நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது, டிவியில் சொல்லும் எண் அதுதான். தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஒற்றை அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சமையலும் அங்கேயே நடக்கிற வீட்டுக்கு அந்த எண் செல்லாது. மே மாதம் சாயங்காலம் ஒரு தூறல் போட்டுவிட்டுப் போனால் புழுக்கம் வேறு, வேர்வை காயாது, வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது.

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார்கள், எழுபது வயசுக்கு மேல், பிரஷருக்கு நீர் மாத்திரை, அதாவது உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, சாப்பிடுபவர். வந்தது உச்சி வெயிலில் இல்லை, விடிகாலையில். தோல் காய்ந்து கிடக்கிறது, தொட்டால் கை சுடுகிறது, பேரைக் கேட்டால் வேறு என்னமோ சொல்கிறார். தெர்மாமீட்டரில் ஃபாரன்ஹீட் கணக்கில் 105. “காய்ச்சல்னு நெனச்சு மாத்திரை குடுத்தோம் சார், எறங்கவே இல்லீங்க, நாலு நாளா ராத்திரி தூக்கமே இல்லாம பொரண்டுட்டு கெடந்தாங்க” என்றார் மகன். இறங்காது. வெப்பத்தாக்குக்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது, ஏனென்றால் அது காய்ச்சலே இல்லை. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், சிறுநீரகம் தேறத்தான் நாளாயிற்று.

இப்படி உளறலோடு சூடாக யாராவது இருந்தால் 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கோடை தொடங்கும்போது டாக்டரிடம் ஒரு தடவை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல் குவாரி, செங்கல் சூளை, கிருஷ்ணகிரி மாங்கூழ் கம்பெனி லோடு வேலை, இதற்கெல்லாம் புதிதாகப் போகிற பையனை முதல் நாளே முழு வேலைக்கு இறக்கிவிடுகிறார்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும், முதல் சில நாளில்தான் ஆபத்து அதிகம். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை. பாலைவனத்துக்காரனே அப்படி விதி போட்டிருக்கும்போது, நம்ம மேஸ்திரிகள் விடிந்ததும் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்தி, மிச்சத்தை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? வேலைக்கு நடுவில் மோரோ நீராகாரமோ உப்புப் போட்டு, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் ஷீட் அடியில் அலமாரியில் வைக்காதீர்கள், 30 டிகிரிக்கு மேல் போனால் மருந்து வீரியம் குறையும். ஒரு மண்சட்டிக்குள் இன்னொரு சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி, அதற்குள் டப்பாவில் போட்டு நிழலில் வைத்தால் ஓரளவு காப்பாற்றலாம். சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள் மத்தியானத்தில் வெறுங்காலோடு கோயில் கல்தரையைச் சுற்றுவதும் வேண்டாம். கொப்புளம் வந்தது அவர்களுக்கே தெரிவதில்லை, சீழ் பிடித்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது, அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் சாவுக்கு வெயில்தான் காரணம் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தார், என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று சொல்லுங்கள், உடல் வெப்பத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதினார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.