உடம்பு வலியா, தசை உடையுதா? நம்ம கடக்கரை ஜனங்களுக்கு ஒரு தசை வாத்தியார் சொல்றது

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் யார்கிட்ட கேட்டாலும் உடம்பு வலிக்கு ஒரே பதில்தான், வேலை செஞ்ச வலிதான்பா, ஒரு ஊசி போட்டா சரியாயிடும். நான் டாக்டர் கிடையாது. தசை எப்படி இழுக்குது, எப்படி விடுது, அதுல எவ்வளவு விசை உண்டாகுதுன்னு அளந்து பாக்குறதும் அதையே பிள்ளைங்களுக்குப் பாடமா எடுக்கிறதும்தான் என் பொழப்பு, தசை பயோபிசிக்ஸ்னு சொல்லுவாங்க. இத்தனை வருஷம் இதுலயே கிடந்ததுல ஒரு விஷயம் மட்டும் நம்ம ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சே ஆகணும்னு நினைக்கிறேன். தசை வலிக்கிறது ஒண்ணு, தசை உடைஞ்சு ரத்தத்துல கரையிறது இன்னொண்ணு. ரெண்டாவது நடந்தா கிட்னி போகலாம், உயிரும் போகலாம், ஆனா நேரத்துக்கு ஆஸ்பத்திரி போயிட்டா பெரும்பாலும் காப்பாத்திடலாம்.

முதல்ல தசைக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன், அது புரிஞ்சாத்தான் மத்தது பிடிபடும். நம்ம உடம்பு எடையில ஏறக்குறைய 40 சதவீதம் எலும்போட சேர்ந்த தசைதான். ஒவ்வொரு தசை நாருக்குள்ளயும் மயோசின்னு தடிச்ச இழை, ஆக்டின்னு மெல்லிசான இழை. தசை சுருங்கும்போது இந்த இழை எதுவும் குட்டையாகிறது இல்ல, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு சறுக்கி உள்ள போகுது, அவ்வளவுதான். 1954ல நேச்சர் பத்திரிகையில ரெண்டு குழு அடுத்தடுத்து இதைச் சொன்னாங்க, ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம், ரெண்டு ஹக்ஸ்லிக்கும் சொந்தபந்தம் கிடையாது. அதே 1954ல அதே பத்திரிகையிலதான் மெட்ராஸ் யூனிவர்சிட்டியில இருந்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன்ங்கிற புரதத்தோட மூணு புரி அமைப்பை எழுதினாங்க. தசையை எலும்போட கட்டி வச்சிருக்கிற தசைநாண் பெரும்பாலும் அந்தக் கொலாஜன்தான், நீங்க கரைவலை கயிறை இழுக்கிற இழுப்பு எலும்புக்குப் போய்ச் சேர்றதே அது வழியாத்தான். நம்ம ஊர்ல நடந்த இவ்வளவு பெரிய வேலை, ஆனா டிகிரி முடிச்சு வர்ற பிள்ளைங்கள்ல பல பேருக்கு அந்தப் பேரே தெரியல, எனக்கு அது நிஜமாவே வருத்தம்.

லேப்ல முயலோட இடுப்புத் தசையை கிளிசரின் கரைசல்ல போட்டு மைனஸ் 20 டிகிரியில வச்சிருப்போம். அதுல இருந்து ஒரே ஒரு நாரைப் பிரிச்சா தலைமுடி கனம்தான் இருக்கும், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில அதோட ஒரு முனையை விசை அளக்கிற சென்சார்லயும் இன்னொரு முனையை ஒரு குட்டி மோட்டார்லயும் மாட்டணும், கை நடுங்கினா போச்சு. மாட்டிட்டு லேசரை அது வழியா விட்டா எதிர்த்தாப்ல திரையில வரிவரியா வெளிச்சம் விழும். அந்த வரிகளோட இடைவெளியை வச்சு உள்ள இருக்கிற சார்கோமியர்ங்கிற ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நீளம்னு கணக்குப் போட்டுடலாம், ரெண்டு மைக்ரான் சொச்சம் வரும். பரிட்சைக்குப் படம் வரைஞ்சு மனப்பாடம் பண்ணின பிள்ளைகூட இதைப் பார்த்துட்டு "சார், நிஜமாவே இவ்வளவு அளவா அடுக்கியிருக்கா?"ன்னு கேக்கும், பாடம் அங்கதான் ஆரம்பிக்குது.

தசைக்கு சக்தி கொடுக்கிற பொருளுக்கு ஏடிபின்னு பேரு, அந்த நாரை ஏடிபி இல்லாத கரைசல்ல வச்சா விறைச்சு நிக்கும், இழுத்தாலும் மசியாது. கால்சியம் இல்லாம ஏடிபியை மட்டும் ஊத்துங்க, அப்படியே தளர்ந்துடும். பிடிக்கிறதுக்கு சக்தி வேணும்னு எல்லாருக்கும் தெரியும், பிடியை விடறதுக்கும் சக்தி வேணும், மயோசின் இழையில இருந்து நீட்டிக்கிட்டு ஆக்டினைப் பிடிச்சிருக்கிற தலை அதை விட்டு கழரணும்னா ஏடிபி வந்து ஒட்டியே ஆகணும். பிடிச்ச மீன் செத்துக் கொஞ்ச நேரத்துல விறைக்குதுல்ல, அதுவும் ஏடிபி தீர்ந்த கதைதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உயிருள்ள தசை நாரைச் சுத்தி ஒரு மெல்லிசான சவ்வு இருக்கு. கால்சியம் வெளியில நிறைய, உள்ள ரொம்பக் கொஞ்சம், பொட்டாசியம் அதுக்கு நேர் எதிர். சவ்வு பெருசா கிழிஞ்சா கால்சியம் உள்ள பாஞ்சு தசை தன்னையே அரிக்க ஆரம்பிச்சுடும், உள்ள இருந்த பொட்டாசியமும் மயோகுளோபின்ங்கிற சிவப்புப் புரதமும் ரத்தத்துல கொட்டும். பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பு தாறுமாறாகும். மயோகுளோபின் கிட்னியில போய் அடைக்கும். 1941ல லண்டன்ல குண்டு விழுந்து இடிபாட்டுல கைகால் நசுங்கினவங்க, வெளிய எடுத்தப்ப நல்லா இருந்தவங்க, சில நாள்ல கிட்னி நின்னு செத்ததை பைவாட்டர்ஸ், பீல்னு ரெண்டு டாக்டருங்க எழுதி வச்சாங்க, அதுவும் இதே வழிதான். வெளியில தெரியிற முக்கியமான அடையாளம், ஒண்ணுக்கு கட்டங்காப்பி நிறத்துல போறது.

நம்ம கடக்கரையில சவ்வு கிழியிறதுக்கு ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு கடல் பாம்பு. வலையில மீனோட அது வர்றது நமக்குப் புதுசு இல்ல, வலக்கடியன்னு பேர் இருக்கிற வகையோட விஷம் நரம்பையும் தாக்கும், தசைச் சவ்வையும் நேரா அரிக்கும். கடிச்ச இடத்துல பெருசா வலியோ வீக்கமோ இருக்காது, அதான் ஆபத்தே, முள்ளு குத்திருச்சுன்னு நினைச்சுட்டு தொடர்ந்து மீன் பிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. அரை மணி நேரத்துல இருந்து சில மணி நேரத்துக்குள்ள உடம்பு முழுக்க வலி, கழுத்து இறுக்கம், வாயைத் திறக்க முடியாம தாடை பிடிச்சுக்கிறது, கண் இமை தொங்குறது, அப்புறம் அந்த நிறத்துல ஒண்ணுக்கு. கத்தியால கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க, கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீங்க. ஆளைப் படுக்க வச்சு, கடிபட்ட கையையோ காலையோ பலகை வச்சு ஆடாம கட்டி, நடக்க விடாம தூக்கிட்டு கரைக்குத் திரும்புங்க. ஆஸ்பத்திரியில கடல் பாம்புன்னு வாயைத் திறந்து சொல்லணும், ஏன்னா நம்ம நாட்டுல கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்குத்தான், கடல் பாம்புக்கு இல்ல. மருந்து இல்லையேன்னு வீட்டுல வச்சிராதீங்க, சலைன் ஏத்துறது, தேவைப்பட்டா டயாலிசிஸ், மூச்சு திணறினா வென்டிலேட்டர், இதெல்லாம் உயிரைக் காப்பாத்தும்.

ரெண்டாவது, வேலை. தசை இழுத்துக்கிட்டு இருக்கும்போதே அதை யாராவது வலுக்கட்டாயமா நீட்டினா அதுதான் ரொம்ப மோசமான அடி. நீங்க கயிறை விடாம பிடிச்சிருக்கீங்க, அலை வலையை வெளிய இழுக்குது, கை மடங்கின நிலையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா நீளுது பாருங்க, அந்த நேரத்துல தசை அசையாம பிடிக்கிறப்ப தர்ற விசையை விட ஒன்றரை மடங்குக்கு மேலகூட தாங்கும், ஆனா சில சார்கோமியர் அளவுக்கு மேல நீண்டு பிஞ்சு போகும். ஐஸ் பொட்டியை மெதுவா இறக்குறதும், தோப்புக்கரணத்துல கீழ உக்கார்றதும் இதே ரகம். மறுநாளும் அதுக்கு மறுநாளும் வர்ற வலிக்கு லாக்டிக் ஆசிட்தான் காரணம்னு இன்னும் பாடம் எடுக்கிறாங்க, அது தப்பு, லாக்டேட் ஒரு மணி நேரம் சொச்சத்துல ரத்தத்துல இருந்து போயிடும். இந்த வலி பெரும்பாலும் தானா ஆறிடும். ஆனா பழக்கமே இல்லாத உடம்புல, வெயில்ல, தண்ணி குடிக்காம, அளவுக்கு மீறிச் செஞ்சா தசை உடையிற அளவுக்குப் போகும். போலீஸ், ஆர்மி செலக்‌ஷனுக்கு ஒரே நாள்ல வெறித்தனமா ஓடுற தம்பிங்களும், தண்டனைன்னு நூத்துக்கணக்குல தோப்புக்கரணம் போடச் சொல்ற வாத்தியார்களும் இதைத் தெரிஞ்சுக்கணும், அந்தத் தண்டனையை நிறுத்தியே ஆகணும்.

எங்க சித்தப்பா விசைப்படகுக்காரர், "ஏப்பா, மாத்திரை போட்டா வலி கேக்குதே, அப்புறம் என்ன"ம்பாரு. டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் சித்தப்பா, வேர்த்து வத்திப் போன உடம்புல, தசையும் உடைஞ்சிருக்கிற நேரத்துல அதைப் போட்டா கிட்னிக்கு ரெண்டு பக்கமும் அடின்னேன். சாராயமும் சேர்ந்தா இன்னும் மோசம். ஒண்ணுக்கு நிறம் மாறி, உடம்பு வலியும் இருந்தா மாத்திரை வேண்டாம், அன்னைக்கே ஜிஹெச் போய் ரத்தத்துல சிகே (தசை உடைஞ்சிருக்கான்னு காட்டுறது), பொட்டாசியம், கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது) மூணும் பாக்கணும்னு கேளுங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகு ஆளுங்களுக்குக் கடல் வேலை இல்ல. ஒரு தடவை அந்த நீட்டு அடியை வாங்கின தசை அடுத்த பல வாரத்துக்கு அதே வேலையை பெரிய சேதம் இல்லாம தாங்கும், ஆனா சும்மா இருக்க இருக்க அந்தத் தாங்குற சக்தி குறைஞ்சுக்கிட்டே வரும். அதனால ஜூன் மாசம் பிறந்ததுமே, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பாதிப் பாரத்தோட பொட்டி தூக்கி மெதுவா இறக்குறது, பத்துப் பதினஞ்சு தடவை உக்காந்து எந்திரிக்கிறதுன்னு ஆரம்பிச்சுடுங்க. முதல் தங்கலுக்கு, அதாவது கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போகும்போது, தண்ணி கேனை வழக்கத்தை விடக் கூடுதலா ஏத்துங்க.