பரமாணு: சொல் விளக்கம்

பரமம், அணு இரண்டும் வடசொற்கள். அணு என்றால் நுண்ணியது; பரமாணு என்றால் அதற்குக் கீழே இன்னொன்று கிடையாது என்னும் அளவுக்கு நுண்ணியது. கணாதர் என்னும் முனிவர் பெயரால் வழங்கும் பழைய இந்தியத் தத்துவமான வைசேடிகம் இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது.

வைசேடிகர் வாதம் அழகானது. எந்தப் பொருளையும் பிட்டுக்கொண்டே போனால் ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்காது என்றால் மேருமலையிலும் கடுகிலும் முடிவில்லாத பகுதிகள் இருக்கும். அப்புறம் இரண்டும் ஒரே அளவு என்றல்லவா ஆகும்? நிற்கும் இடம்தான் பரமாணு. நிலம், நீர், தீ, காற்று நான்குக்கும் தனித்தனியே உண்டு, ஆகாயத்துக்கு இல்லை. இரண்டு பரமாணு சேர்ந்தால் துவியணுகம். மூன்று துவியணுகம் சேர்ந்தது திரசரேணு. கண்ணுக்குத் தெரிவதில் மிகச் சிறியது அதுதான்.

அதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய அறைகள் பகலிலும் இருட்டாக இருக்கும். சன்னல் கதவை ஒருக்களித்து வைத்தால் வெயில் ஒரு கோடாக உள்ளே விழும்; அந்தக் கோட்டில் மட்டும் தூசி மினுங்கும், கோட்டைத் தாண்டியதும் காணாமல் போகும். அந்தத் தூசிதான் திரசரேணு. மாணிக்கவாசகரும் திருவண்டப்பகுதியில் 'இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய' என்கிறார். இல் நுழை கதிர், அதாவது வீட்டுக்குள் நுழையும் வெயில்; அதில் நெருங்கித் தெரியும் அணுக்களைப் போல என்பது பொருள். அவர் பாடிய திருப்பெருந்துறை, இன்றைய ஆவுடையார்கோவில், காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாகப் போகும் தூரம்தான்.

இயற்பியலோடு ஒப்பிட்டால் கேள்வி பொருந்துகிறது, கணக்கு உதைக்கிறது. திரசரேணுவில் ஆறு பரமாணு என்பது வைசேடிகம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள தூசியில்கூட அணுக்கள் பல லட்சம் கோடி. போதாக்குறைக்கு, 1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்ததும் 'பிளக்க முடியாதது' என்ற இலக்கணமும் போயிற்று. காரைக்குடியில் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் ஆராயும் மின்வேதியியல் முழுக்க எலக்ட்ரான் கைமாறும் கதைதானே? 'முன்னோர் அன்றே அணுவியல் கண்டார்கள்' என்று மேடையில் முழங்குபவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. கணாதர் மரபினர் அளந்து பார்த்தவர்கள் அல்லர், தர்க்கத்தால் போனவர்கள். அது ஒன்றும் குறைவான காரியமல்ல.

சரி, தமிழில் என்ன சொல்வது? இந்தியிலும் தெலுங்கிலும் பரமாணு என்பதே நம் பாடநூல் சொல்லும் அணு. அவர்களுடைய அணு நமக்கு மூலக்கூறு. மொழிபெயர்ப்பவர்கள் இங்கே அடிக்கடி வழுக்குகிறார்கள். தனித்தமிழ் வேண்டுவோருக்கு இம்மி இருக்கிறது. நாலடியார் 'இம்மி அரிசி' என்று ஒரு புல்லரிசியைச் சொல்கிறது. பழைய கீழ்வாய்க் கணக்கில், அதாவது பின்னக் கணக்கில், இம்மியின் பதினொன்றில் ஒரு பங்கு மும்மி, அதன் ஏழில் ஒரு பங்கு அணு. இம்மி பிசகாமல் பேரேடு எழுதிய செட்டிநாட்டில் அந்தச் சொல்லைக் கணக்குக்கே விட்டுவிடலாம். என் கட்சி இது: அறிவியலுக்கு அணு, வைசேடிகம் பேசும்போது மட்டும் பரமாணு.