பெரிய கடை காலியானால், ஆள் பிடிக்கும் முன்

மதுரையில் வெளி வீதிகளுக்குள் ஒரு பெரிய ஜவுளிக்கடையோ சூப்பர் மார்க்கெட்டோ காலி செய்தால், உரிமையாளர்கள் முதலில் புரோக்கரைத்தான் கூப்பிடுகிறார்கள். தளம் எவ்வளவு எடை தாங்கும், எத்தனை பேர் ஆபத்தில்லாமல் வெளியேற முடியும், எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்ற மூன்றும் தெரிந்த பிறகு கூப்பிடுவதே சரி.

எடைதான் முதலில். கடை நடத்தும் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ என்று இந்தியத் தரக் குறியீடு கணக்கு வைக்கிறது. குடவுன் என்றால் குறைந்தது 750 கிலோ. ஆகவே, ஷோரூமாக இருந்த மாடியில் துணி பேல்களை அடுக்க விடுவது கட்டடத்தைப் பணயம் வைப்பதுதான். மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடிகள் மாசி வீதிப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அவற்றில் கட்டையின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஈரம் அங்கேதான் தங்கும், உளுப்பும் அங்கேதான் தொடங்கும். கான்கிரீட் என்றால், கழிப்பறைக்குக் கீழே உள்ள பீமைப் பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். அந்த வெடிப்பைப் பூசி மறைத்து வெள்ளையடித்து வாடகைக்கு விடுவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம்.

அடுத்தது ஆட்கள். மாடிக்கு முதலில் கேட்டு வருவது பெரும்பாலும் கோச்சிங் சென்டர். ஒரே படிக்கட்டு, அதன் அடியில் மீட்டர் போர்டு, ஜன்னலை மூடிய விளம்பரப் பலகை என்று இருந்தால் எவ்வளவு வாடகை சொன்னாலும் கொடுக்காதீர்கள். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டாவது படிக்கட்டுக்கு இடமில்லை என்றால், ஆள் குறைவாக வரும் ஆடிட்டர் அலுவலகம், தையல் கூடம் போன்றவற்றை யோசிக்கலாம். அங்கும் படிக்கட்டில் சரக்கு வைக்க விடக்கூடாது.

மின்சாரத்துக்குப் பழைய பில்லில் உள்ள அனுமதி லோடை, அதாவது அந்த இணைப்பில் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கள். ஏசி ஷோரூமுக்கோ ஓட்டலுக்கோ அது போதாமல், நீங்கள் கூடுதல் லோடு கேட்டால், டிரான்ஸ்பார்மர் வைக்க உங்கள் மனையிலேயே மின்வாரியம் இடம் கேட்கலாம்.

இனிப் பிரிப்பது. நம்மூர் மனைகள் அகலம் குறைந்து ஆழம் கூடியவை. 40 அடி முகப்பு, 150 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 10 அடி வீதம் முன்னால் நான்கு கடைகள் போட்டால் முன்பகுதி உடனே போகும். ஆனால் பின்னால் 100 அடிக்கு மேல் வழியில்லாத இருட்டுக் குடவுனாக நிரந்தரமாக நின்றுவிடும். ஒரு ஓரத்தில் 8 அடி நடையை விட்டு, மீதி 32 அடியில் மூன்று கடை போடுங்கள். ஒரு கடையின் வாடகை கைவிட்டுப் போகும். பின்பகுதியும் மாடியும் பிழைக்கும். மாடி ஏற்றிச் சரிக்கட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம்: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. தேரோடும் வீதி என்றால், திருவிழா நாட்களில் சரக்கு வண்டி வராது என்பதை வருகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பேரத்துக்கு ஒரு கணக்கு. 6,000 சதுர அடி இடத்துக்கு, சதுர அடிக்கு மாதம் 40 ரூபாய் வாடகை கிடைக்கிறது, 45 வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் 2,40,000 ரூபாய் போகிறது. கூடுதலாக வரப்போவது மாதம் 30,000. ஒரு மாதக் காத்திருப்பை ஈடுகட்ட எட்டு மாதம். ஆறு மாதம் பூட்டி வைத்தால் நான்கு வருடம். நம்பகமான ஆள் என்றால் 40-க்கே கொடுத்து, ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும் என்பதை எழுதிக்கொள்வது மேல்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். அதில் என்ன தொழில், எந்தத் தளத்தில் அதிகபட்சம் எவ்வளவு எடை, சுவரையோ பீமையோ உடைக்க எழுத்துமூல அனுமதி தேவை, உள்வாடகை கூடாது என்ற நான்கும் தனித்தனி வரியாக இருக்கட்டும். சாவி கொடுக்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் தேதியுடன் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.